தண்ணீரில் கலையாதது

உங்களுக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிகிறது மேடம், கன்னம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்துக் கடையில் அழகுசாதன அலமாரிப் பக்கமே நின்று பழகிவிட்டதால், யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். எண்ணெய் வழிகிற முகத்துக்கு மினுங்காத, தண்ணீர் மாதிரியான ஃபவுண்டேஷன். காய்ந்த முகத்துக்கு க்ரீம் போல ஈரம் உள்ளது. உங்களைப் போல இரண்டும் கலந்தவர்கள் மெல்லிசாகப் பூசி, மூக்கில் மட்டும் கொஞ்சம் பவுடர் ஒற்றிக்கொண்டால் போதும். கீழ்த்தட்டில் இருக்கிற மலிவு பாட்டிலே தாராளம். நிறத்தை மட்டும் புறங்கையில் பூசிப் பார்க்காதீர்கள். தாடையில் பூசி, வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்க வேண்டும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாகத் திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மருமகளைப் பற்றித்தானே கேட்டீர்கள், அங்கேதான் வருகிறேன்.

அவளுக்கு வறண்ட முகம், மெல்லிய தோல். லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். என் மகன் கெட்டவன் இல்லை. கோபம் வந்தால் கை நீளும், அவ்வளவுதான். முதல் தடவை அவள் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தபோது நான்தான் உட்கார வைத்துச் சரிசெய்தேன். நீலத்தின் மேல் நேராக ஃபவுண்டேஷன் பூசினால் சாம்பல் தட்டும். முதலில் கறையை மறைக்கிற ஆரஞ்சு கன்சீலர் ஒற்ற வேண்டும், அதற்கு மேல்தான் தோல் நிறம்.

"ஆடாம இரும்மா, கண்ணுல பட்டுடும்."

"வலிக்குது அத்தை."

"நான் என்ன தேய்க்கவா செய்றேன், ஒத்தத்தானே செய்றேன். இந்தக் கைக்காகக் கடையில எத்தனை பேரு காத்துக் கிடக்கிறாங்க தெரியுமா."

முடித்துக் கண்ணாடியைக் காட்டினேன். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. வளர்ப்பு அப்படி.

சம்பந்தி தையல் கம்பெனியில் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுப் பழுது பார்க்கிறவள். இதே ஊர்தான், ஓய்வுதான் கிடைக்காது. மகள் போனில் அழுதால் நம்ப மாட்டாள், ஏனென்றால் எப்போது வந்தாலும் முகம் பளிச்சென்று இருக்கும். மருமகள் என்னிடம் நேராகவே சொன்னாள்: "எங்கம்மா ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கட்டும் அத்தை. பார்த்தாங்கன்னா கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அதனால் சம்பந்தி வருவதாகச் சொன்ன அன்றைக்கு வேறு பாட்டிலை எடுத்தேன். தண்ணீரில் கலையாதது, மேடையில் ஆடுகிறவர்கள் வாங்குவது. வறண்ட தோலை அது இறுக்கிப் பிடிக்கும், எரியும். தெரிந்துதான் பூசினேன். குளியலறையில் இருந்த சோப்பையும் எடுத்து வைத்துவிட்டேன். வாசலில் அம்மாவின் குரல் கேட்டதும் அவள் உள்ளே ஓடிக் குழாயைத் திறந்தாள். தேய் தேய் என்று தேய்க்கிற சத்தம் கூடம் வரை கேட்டது. சொட்டச் சொட்ட வந்து அம்மா முன்னால் நின்றாள்.

"நல்லாப் பாரும்மா."

"என்னடி பார்க்கிறது. கழுவின முகமே இப்படி மின்னுது. சம்பந்தி, நல்லாத் தேத்தி வச்சிருக்கீங்க. இவ போன்ல புலம்பினதைக் கேட்டு நான் பயந்தே போயிட்டேன்."

"அம்மா, இது பூச்சும்மா."

"போடி, கழுவிட்டுத்தானே வந்து நிக்கிறே."

மருமகள் தன் கன்னத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அதோடு போயிருக்கும். என் வாய்தான் எனக்கு எதிரி. ஒருநாள் மருமகள், காலையில் நான் பூசிவிட்ட அதே பூச்சோடு, கடைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அப்போது ஒரு வாடிக்கைக்காரி அதே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிக் கலைப்பது என்று கேட்டாள். "தண்ணியில போகாதும்மா. சமையல் எண்ணெய் ரெண்டு சொட்டுத் தடவுங்க, வழிச்சுக்கிட்டு வந்துடும்" என்றேன். தொழில் என்று வந்துவிட்டால் எனக்கு மறைக்கத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் சாப்பாட்டுப் பை மட்டும் இருக்கிறது, அவளைக் காணோம்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் கிண்ணத்தில் எண்ணெய். ஒரு பக்கக் கன்னம் முழுக்க வழித்துவிட்டாள், நீலமும் மஞ்சளுமாகத் தெரிந்தது.

"அம்மாவைக் கூப்பிட்டுட்டேன் அத்தை. வந்துக்கிட்டு இருக்காங்க."

"என் புள்ளைக்கு வேலை போயிடும், மானம் போயிடும்மா."

"போகட்டும்."

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். கழுத்தைப் பிடித்தேன். ஆடாமல் இருக்கட்டும் என்றுதான். கொஞ்ச நேரம் ஆடினாள். அப்புறம் ஆடவில்லை. நான் சொன்ன பேச்சை அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

மீதி எனக்குத் தெரிந்த வேலை. எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்து, ஆரஞ்சு வைத்து, மேலே அதே தண்ணீரில் கலையாதது. கழுத்து முழுக்க, காதுக்குப் பின்னால்கூட. ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் சரிபார்த்தேன்.

அவள் அம்மா வந்து நின்றதும், "மயங்கி விழுந்துட்டா சம்பந்தி" என்று அழுதேன். அவள் மகள்மேல் விழுந்து கதறினாள். கண்ணீர் கழுத்தில் கொட்டியது. நான் கவலைப்படவில்லை, அது தண்ணீருக்கு அசையாது. ஆனால் அவள் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், கையைக்கூடக் கழுவவில்லை. மெஷின் எண்ணெய் ஊறின கை. அந்தக் கையால் மகளின் கழுத்தைத் தடவினாள். தடவத் தடவ, என் விரல் ஒவ்வொன்றாக மேலே எழுந்து வந்தது.

சின்ன விரல்கள், ஆண்பிள்ளைக் கை இல்லை என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். சரிதான். நான்தான் கொன்றேன். என் மகனை விட்டுவிடுங்கள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்த எண்ணெய்க் கை மட்டும் படாமல் இருந்திருந்தால், அவள் முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கோடுகூடத் தெரிந்திருக்காது. பெற்றவளுக்கே இல்லாத அக்கறையோடு நான் அவளைப் பார்த்துக்கொண்டேன்.