நாலாம் ஓட்டை

நாயா? ஐயோ, இல்லம்மா, நாங்க நாயெல்லாம் வளக்கல. அந்த ஊளைச் சத்தம் எங்க வீட்டுக்காரரோடது. சிரிக்காதீங்க... சரி, சிரிச்சுக்கோங்க, நான் அழுது முடிச்சுட்டேன். உள்ள வாங்க, வாசல்லயே நின்னுக்கிட்டு! கீழ் வீட்டுக்குக் குடி வந்து ஒரு மாசமாச்சு, இப்பதான் மேல ஏறி வர்றீங்க, அதுவும் புகார் சொல்ல. அந்தத் தொப்பிய நகத்திட்டு உக்காருங்க. அதுவும் அவரோடதுதான். வீட்டுக்குள்ள தொப்பி! சோபா மேல என்ன வெயிலா அடிக்குது?

மவுத் ஆர்கன்மா. அப்படிச் சொன்னா அவருக்குக் கோவம் வரும், ‘ஹார்ப்’னு சொல்லணுமாம். உள்ளங்கையில அடங்குற தகரப் பெட்டி, அதுக்கு இந்த மரியாத. அதுலயாவது ஒரு சினிமாப் பாட்டு வாசிச்சா நாமளும் கூடச் சேந்து முணுமுணுக்கலாம். இல்ல, இவருக்கு ப்ளூஸுதான் வேணுமாம். ப்ளூஸுன்னா அமெரிக்காக்காரங்களோட சோகப் பாட்டும்மா. யாருக்குச் சோகம்? கேக்குற நமக்குத்தான்.

மொதல்ல ரயிலு. இவரு போற ஹார்ப்பு வகுப்புல மொதல்ல ரயில் சத்தம் ஓட்டத்தான் சொல்லித் தருவாங்க. பாத்ரூம்லதான் எதிரொலி நல்லா இருக்காம். வாளியக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துக்கிட்டு, குச்சு குச்சுன்னு வண்டியக் கிளப்புவாரு. கிளம்பும், கிளம்பும், கிளம்பிக்கிட்டே இருக்கும், ஒரு நாளும் ஊர் போய்ச் சேராது. நான் கதவத் தட்டி, ‘ஏங்க, சிக்னல் விழுந்தாச்சு, வெளிய வாங்க’ன்னு கத்துவேன்.

அப்புறம் அந்தக் கூட்டம் இருக்கே! சனிக்கிழம சாயங்காலம் ஒரு கிடார் கடைக்குப் பின்னாடி ரூம்ல கூடுவாங்க. ஒரே ஒரு தடவ நானும் போனேன், போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. இருக்குற விளக்கே மங்கலு, அதுல அத்தன பேரும் கறுப்புக் கண்ணாடி. ஆளாளுக்கு ஒரு பட்டப்பேரு வேற. கேட்டாலே நமக்குக் கண்ணுல தண்ணி வரணும், அதுதான் சட்டம். ‘வீடில்லாதவன்’னு ஒருத்தரு, மூணு வீட்ட வாடகைக்கு விட்டிருக்காரு. ‘பட்டினி’ன்னு ஒருத்தரு, அவரு உக்காந்தா நாற்காலி முனகுது. எங்க வீட்டுக்காரருக்கு என்ன பேரு தெரியுமா? ‘தனிமரம்’! நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் பக்கத்துல உக்காந்திருக்கேன், ‘வாங்க தனிமரம்’னு வந்து கை குடுக்குறாங்கம்மா.

வாழ்க்கையில அடிபட்டாத்தான் நாலாம் ஓட்ட வளையும்னு வாத்தியாரு சொன்னாராம். அன்னைலேந்து இவரு என்னையே ஒரு மாதிரி பாக்குறாரு. ‘நீ ஒரு நாளாவது என்ன விட்டுட்டுப் போயிருக்கியா?’ன்னு கேக்குறாரு! ‘இப்பப் போகட்டுமா?’ன்னேன். ‘அப்ப சாப்பாடு?’ங்குறாரு.

நாலாம் ஓட்டைன்னா... இதுல பத்து ஓட்டை. ஊதுனா ஒரு சத்தம், உறிஞ்சுனா ஒரு சத்தம். நாலாவதுல உறிஞ்சும்போது, அழுகைய அடக்குறவங்க குரல் கம்முற மாதிரி, சத்தம் அப்படியே கீழ எறங்கணும். அதத்தான் வளைக்கிறதுங்குறாங்க. பலமா இழுத்தா வராது. நீங்க நர்ஸு, மூச்சு விவகாரம் உங்களுக்குப் புரியும். தொண்டையத் தளத்தி விட்டுட்டு, நாக்க லேசா பின்னாடி இழுத்து, ‘ஈ’லேந்து ‘ஊ’வுக்குப் போற மாதிரி... தானா வழுக்கிக்கிட்டு வரும். எனக்கா? எனக்கெப்படித் தெரியும்! எல்லாம் கேட்டுக் கேட்டுத்தான். பூவோட சேந்த நாரும் மணக்கும்பாங்கல்ல.

பெல்ட்டு ஒண்ணு வச்சிருக்காரு. ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு ஹார்ப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பை, வரிசையா. சண்டைக்குப் போறவராட்டம் இடுப்புல கட்டிக்குவாரு. பாட்டு ஒரு சுருதியில இருந்தா இவங்க வேற சுருதி ஹார்ப்பத்தான் எடுப்பாங்க, அதுதான் ப்ளூஸோட சூட்சுமமாம். எந்தப் பாட்டுக்கு எந்த ஹார்ப்புன்னு கணக்கு இருக்கு. அது மாறுனா போச்சு, பாட்டு தெக்க போனா இவரு வடக்க போவாரு.

போன சனிக்கிழம அதாம்மா ஆச்சு. மொத மொதலா மேட. ரெண்டு வருஷமா காத்துக்கெடந்த மேட. கூப்பிட்டாங்க, போனாரு, பெல்ட்டுலேந்து எடுத்தாரு, ஒரு இழுப்பு இழுத்தாரு... கிடார் வாசிச்சவரு கையையே எடுத்துட்டாராம். ‘வீடில்லாதவ’ரோட சம்சாரம் போன் பண்ணிச் சொன்னாங்க. ஒவ்வொரு ஹார்ப்பு மேலயும் அதோட சுருதி எழுத்து பொறிச்சிருக்கும், ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எங்க பாக்குறது? இத்தனைக்கும் வேல பாக்குறது மூக்குக் கண்ணாடிக் கடையில! வர்றவங்களையெல்லாம் ‘அந்தக் கடைசி வரி எழுத்தப் படிங்க’ன்னு சொல்ற மனுஷன். அத்தன பேரும் சிரிச்சாங்களாம். ‘பட்டினி’ வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாராம்.

அன்னைலேந்து வாயே தொறக்கல. ஹார்ப்புக்கும் சரி, எனக்கும் சரி. ‘எனக்குக் காதே இல்ல, இத்தன நாளா என்னையே ஏமாத்திக்கிட்டேன்’... அதுதான் கடைசியாப் பேசுனது. காலையில சீட்டு எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு, இன்னைக்குக் கடையிலேந்து வந்ததும் பெல்ட்டோட எல்லாத்தையும் வாத்தியாருகிட்டக் குடுத்துட்டு ஒரேடியாத் தலமுழுகப் போறாராம். நான் சந்தோஷந்தானே படணும்? முடியலயே. பாத்ரூம்ல இப்பத் தண்ணி விழுற சத்தம் மட்டுந்தான் கேக்குது.

என்னது? அதுக்கப்புறமும் கேட்டுச்சா... நேத்தா? பகல் பதினோரு மணிக்கா? நீங்க ராத்திரி டூட்டி முடிச்சு வந்து கண்ணசர்ற நேரம்... ஆமா. ஆமா, அப்ப அவரு கடையிலதான் இருப்பாரு.

டீயக் குடிங்க, ஆறிடும்...

நாந்தாம்மா. நக்கல் பண்ணத்தான் எடுத்தேன், சத்தியமா! கண்ணாடி முன்னாடி நின்னு, அவர மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டு... நாலாம் ஓட்ட வளைஞ்சிடுச்சு. ரெண்டு வருஷமா அவருக்கு வராதது எனக்கு ஒரே வாரத்துல வந்துடுச்சு. அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருகிட்டச் சொல்றது? அப்புறம் விட முடியல. அவரு செருப்ப மாட்டுனா எனக்குக் கை பரபரக்கும். அந்தச் சனிக்கிழம காலையில ரெண்டு ஹார்ப்ப வெளிய எடுத்து மாத்தி மாத்தி வாசிச்சுக்கிட்டிருந்தேன். எதையோ மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்துட்டாரு. படியில காலடிச் சத்தம். பதறிப்போயி ரெண்டையும் பைக்குள்ள சொருகுனேன். அதுல இது, இதுல அது.

உங்ககிட்ட இவ்வளவு பேசுறேன், அவருகிட்ட ஒத்த வார்த்த வரல பாருங்க. நீங்க சொல்லிடுறீங்களா? புகார் சொல்லத்தானே வந்தீங்க? ‘உங்க வீட்டம்மா பகல்ல என்னத் தூங்க விடமாட்டேங்குறாங்க’ன்னு சொன்னாப் போதும், மிச்சத்த அவரே... ஏம்மா, ஏன் எழுந்துட்டீங்க? டூட்டிக்கு நேரமாச்சா? டீயக்கூட முடிக்கல! இந்தாம்மா... போயிட்டாங்களே...

வாங்க, கடை முடிஞ்சுதா? படியில எறங்கிப் போனது கீழ் வீட்டு நர்ஸுதாங்க, சும்மா வந்தாங்க. பெல்ட்டா? என்கிட்டத்தான் இருக்கு. இல்ல, குடுக்க மாட்டேன். உக்காருங்க. செத்த உக்காருங்கன்னா...

அன்னைக்கு நீங்க சரியான பையிலேந்துதாங்க எடுத்தீங்க.