ஆடை, அலங்காரம்: மர்சலின்

அட்டைப்படத்துக்குக் கீழே உன் பெயரைப் போடச் சொல்லி மட்டும் கேட்காதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே போட்டோகிராபர் ஸ்ரீகிருஷ்ணா சொல்லியிருந்தார். அட்டை அச்சுக்குப் போகும் முன்னே, இன்று கேட்டுவிட்டேன். நீங்கள் பத்திரிகை ஆசிரியர். உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? "டிரெஸ் மாட்டி விட்டவ பேரைப் போட்டா, டீ வாங்கிட்டு வந்தவன் பேரையும் போடணும்மா" என்று சிரித்தீர்கள். சிரித்து முடித்தாயிற்று என்றால், என் வேலை என்ன என்று சொல்கிறேன்.

அடையாறு கடற்கரைப் பூங்காவில் யாரோ ஒரு கலைஞர் இரும்பு மீன்களைச் செய்து நிறுத்தியிருந்தார். மீனுக்குள் விளக்கு. பார்க்க வந்தவர்கள் 'மீனவர் வாழ்க்கை' என்று தலையாட்டிவிட்டு, பக்கத்துக் குப்பத்தைத் தாண்டும்போது வாடை தாங்காமல் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். உங்கள் தீபாவளி மலருக்காக அந்த மீன்களுக்கு நடுவே மீன்காரி வேஷத்தில் நின்றவள் மஹதி. மயிலாப்பூர்ப் பெண். வேஷம் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். ஆனால் வேலை கிடைத்தது பி.ஏ.வுக்காக அல்ல, என் அம்மா மீன் விற்கிறாள் என்பதற்காக. மஹதி கட்டியிருந்தது அம்மாவின் சேலை.

"இதுல என்ன இப்படி வாடை வரது? ஆத்துக்குப் போன உடனே தலைக்கு ஸ்நானம் பண்ணணும்" என்றாள்.

"அதாம்மா அசல்" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள். "அசலா இருக்கா?" கூடை தலையிலா இடுப்பிலா, முந்தானை எப்படிச் செருகுவது. வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காத நேரத்தில் நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

முந்தைய நாள் நல்ல மழை. பூங்கா எலக்ட்ரீஷியன் கரீமுல்லா மத்தியானமே என்னிடம் வந்தார். "பெரிய மீன்ல கரண்டு பாயுது பாப்பா. ஃபியூஸப் புடுங்கி பொட்டி மேல வெச்சிகீறேன். சிந்தாதிரிப்பேட்டைக்குப் போயி ஒயரு வாங்கினு வந்துடறேன். உங்க சாராண்ட சொல்லிடு, இன்னா?"

சொல்லவில்லை. சார் கேட்கவில்லையே.

அந்தி சாய்ந்தது. "மீனுக்குள்ள லைட் எரிஞ்சா பிரமாதமா இருக்கும்" என்று ஸ்ரீகிருஷ்ணா கேமராவுக்குள் முணுமுணுத்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்.

"அசலா இருக்கா?"

"இல்ல சார். மணல்ல எந்த மீன்காரி ரப்பர் செருப்போட நிப்பா? கழட்டச் சொல்லுங்க. காலும் கொசுவமும் ஈரமா இருக்கணும். ஒரு கை அந்தப் பெரிய மீன் மேல இருக்கட்டும்."

அத்தனையும் உண்மை. தண்ணீரை நானே ஊற்றினேன், பக்குவமாக. மஹதி மீன் மேல் கை வைத்தாள். நீங்கள் அட்டையில் போட்டிருப்பது அந்தப் படம்தான். அதற்கு அடுத்த படத்தை நீங்கள் போடவில்லை. அதில் விளக்கு எரிகிறது.

மலரின் உள்பக்கத்தில் மஹதிக்கு அஞ்சலி. எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவு என்று கரீமுல்லாவின் பெயரை, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, ஒரு பிழையில்லாமல் அச்சுக்குக் கோத்திருக்கிறீர்கள். ஃபியூஸைப் பிடுங்கினேன் என்று அவர் ஸ்டேஷனில் அழுதாராம். அந்தப் பாப்பாவிடம் சொன்னேன் என்றாராம். எந்தப் பாப்பா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் பிடுங்கியது நிஜம். திரும்ப மாட்டியது நான்.

செய்யாதவருக்குப் பெயர் போட்டீர்கள். செய்தவளுக்கு மட்டும் கிடையாதா?

மஹதி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அட்டையை இன்னொரு தடவை பாருங்கள். ஈரக் கொசுவம் எப்படி விழுந்திருக்கிறது. அது பழகிய கை.

போனைக் கீழே வையுங்கள் சார், நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டாம். ஸ்டேஷன் தெருமுனையில்தான் இருக்கிறது, நானே போய்க்கொள்கிறேன். இந்த முடிவை உங்கள் மாடிப்படி ஏறும்போதே எடுத்தாயிற்று: என் பெயர் இங்கே வராவிட்டால் அங்கே வரும். நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால் கரீமுல்லா உள்ளேயே இருந்திருப்பார். நானும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

மர்சலின். நாளைக்கு எல்லோரும் போடுவார்கள், நீங்களும் போடுவீர்கள். 'ர்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புகிறேன், கதவை நானே சாத்திக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று சார். பெயருக்கு ஆசைப்பட்டுச் செய்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.