சம்மந்தம் கதைக்கப் போன இடத்தில்

டென்மார்க்கில், ரண்டர்ஸிலிருந்து ஓகூஸ் போகும் பஸ்ஸில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி எனக்கு முன்னால் இருந்தார்கள். மகள் விரும்பிய டேனிஷ் பெடியனின் தகப்பனுடைய பண்ணைக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். மனைவிக்குக் கோபம்.

"சம்மந்தம் கதைக்கப் போன இடத்தில ஆராவது மண்ணை அள்ளி மணந்து பார்ப்பினமோ?"

"நாலு தலைமுறையா வெங்காயம் செய்த ஆக்களப்பா நாங்கள். மண்ணைப் பார்க்காமல் பிள்ளையைக் குடுக்கிறதோ?"

"அந்த மனுசன் என்ன நினைச்சிருப்பார்?"

"நீர் வீட்டுக்குள்ள போன பிறகு அவரும் பக்கத்தில குந்தியிருந்து மணந்தவர். அவையும் அஞ்சு தலைமுறையாத் தோட்டக்காரராம்."

"கலியாணத்தைப் பற்றிக் கதைக்கேல்லையோ?"

"கதைச்சனாங்கள். தோட்டத்தில உருளைக்கிழங்கு கிண்டி முடிஞ்ச பிறகு வைப்பமெண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திட்டம்."

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

"பிள்ளையளைக் கேட்டனீங்களோ?"

"ரெண்டும் நாள் முழுக்கக் கம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறதுகள். கிழங்கு கிண்டுற காலம் அதுகளுக்கு எங்க தெரியும்?"