வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே

இந்தக் காலத்தில் எவனும் எவனையும் நம்புவதில்லை. எங்கே பார்த்தாலும் பூட்டு, கேமரா, பாஸ்வேர்டு. நம்ம ஆம்புலன்ஸ் டிரைவரின் மருமகனும் அந்த ரகம்தான். சொந்த நிழலிடமே அடையாள அட்டை கேட்பான். கிட்ட வாருங்கள், சொல்கிறேன்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆளில்லாத சாலை… அதன் கோடியில் ஆஸ்பத்திரியின் சர்வர் அறை. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்பதெல்லாம் அந்த டேட்டாபேஸில்தான். மெமரி நிரம்பி இரண்டு முறை படுத்துவிட்டது. "மூணாவது தடவை படுத்தா நீ வீட்டோட இருந்துக்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

சர்வருக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரு புரோசஸ். பத்துப் பேர் படுத்த அறையில் ஒருத்தன் மட்டும் கைகாலை நீட்டிக்கொண்டே போவதுபோல, மெமரியைப் பிடித்துக்கொண்டே போனது. யார் தொடங்கியது? பெயரில்லை. கட்டளை தட்டி அதைக் கொன்றான். திரும்ப வந்து உட்கார்ந்தது.

வரம்பு போட்டான். எட்டு ஜிபி மெமரியைத் தாண்டினால் சர்வரே அதை வெளியே தள்ளிவிடும். எட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. ஆறாக்கினான். ஆறுக்குக் கீழே… அசையாமல்.

எவனோ பார்க்கிறான்! காவலாளியிடம் போனான்.

"அண்ணே, உள்ள யாரை விட்டீங்க?"

"கொசுகூட என்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகுது, தம்பி."

"சரி, வரம்பை அஞ்சாக்கப் போறேன்" என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னான். மனசில் வைத்திருந்தது மூன்று.

உள்ளே போனான். ஃபேன்கள் ர்ர்ர் என்று முனகின. ஈரத் தலைமுடி வாடை. கீபோர்டைத் தொடக்கூட இல்லை…

மூன்றுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். "மூணுன்னு நினைச்சது வரைக்கும் தெரிஞ்சிருக்குண்ணே. எவனோ கேமரா வெச்சிருக்கான்."

"எங்க, மனசுக்குள்ளயா?"

சாலையில் இறங்கினான். பாதி வழியில் ஒரு யோசனை. வரம்பையே எடுத்துவிட்டு, எவ்வளவுதான் தின்கிறது என்று பார்த்தால்…

நினைத்து முடிக்கவில்லை. பின்னால், பூட்டிய அறைக்குள், அத்தனை ஃபேன்களும் ஒரே மூச்சில்… ஊஊஊ…

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மேலாளர்.

"எலி வயரைக் கடிச்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போனை எடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நடந்தான்.