வக்கீல் சார் என்று கூப்பிட்டவன்

கொடைக்கானலில் கறுப்புக் கோட்டைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்துவிடும். கீழே பழனியில் என் கோட்டு வருஷக்கணக்காகப் பீரோவில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. மலைக்குக் கொண்டுவந்த முதல் மழையிலேயே தோள் இரண்டும் வெளுத்துப் போயின. ஒலியுல்லாவின் மனைவி ரபியாதான் அதை வாங்கித் துடைத்து, வெயில் எட்டிப் பார்த்த நேரமெல்லாம் மாடிக் கொடியில் போட்டு எடுத்தார். நல்ல பெண்மணி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த வீட்டில் என்னை யாரும் குறைவாக நடத்தியதில்லை.

என் பெயர் தண்டாயுதபாணி. ஒலியுல்லாவும் நானும் மதுரை சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்ச். தேர்வில் அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம். படிப்பு முடிந்ததும் அவன் நேராக இங்கே வந்து, மூஞ்சிக்கல்லில் அவன் அத்தாவின் கடைக்கு மேலேயே ஆபீஸ் போட்டான். நான் வக்கீல் சன்னதை நிறுத்தி வைத்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனியை மூடினார்கள். அதற்குப் பிறகு பழனியில் வீட்டோடு இருந்தேன். என் மனைவி புவனா டீச்சர். தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். பள்ளிக்கூட வாசலில் மற்ற டீச்சர்கள், "உங்க சார் என்ன பண்றாங்க?" என்று கேட்பார்கள். "கேஸ் பாக்குறாங்க" என்பாள். சொல்லும்போதே கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவாள், திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும்.

ஒலியுல்லாதான் போன் செய்தான். "ஏலே பாணி, சன்னதத் தூசி தட்டிக்கிட்டு மேல வா. எனக்கும் ஒத்தையில முடியல. ஒரு மேசை சும்மாதான் கெடக்கு" என்றான்.

வந்தேன். மேசை சும்மாதான் கிடந்தது. படியேறி வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "வக்கீல் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். நான் கோட்டு போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். கோர்ட்டுக்குப் போயிருக்கிறான் என்றால், "அப்ப இருந்து பாத்துட்டே போறோம்" என்று பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கீழிருந்து அவனுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வரும், எனக்குக் காகிதக் கப்பில். நான் வருத்தப்பட்டதாக எழுத வேண்டாம். கவனித்தேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் சண்முகசுந்தரி வந்தாள். புருஷன் கந்தவேல், ஏரிப் பக்கம் டாக்சி ஓட்டுகிறவன். அவள் கையை முறித்திருந்தான். கழுத்தை நெரித்த தடமும் இருந்தது. அவன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு ஒலியுல்லா மனு போட்டான். மனுவில் அவள் விலாசத்துக்குப் பதிலாக எங்கள் ஆபீஸ் விலாசத்தைப் போட்டான். இந்த மாதிரி வழக்குகளில் அப்படிச் செய்வதுண்டு, எதிர்த்தரப்புக்கு ஆள் இருக்கும் இடம் தெரியக் கூடாது என்பதற்காக. அவளைத் தாண்டிக்குடியில், ரபியாவுக்குத் தெரிந்த லீலா என்ற தோட்டத்துப் பெண்ணின் வீட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில், தங்க வைத்தான். "இடம் நம்மளோட இருக்கட்டும்டா" என்று என்னிடம் சொன்னான். ஒரே தடவைதான் சொன்னான். என்னை அவ்வளவு நம்பினான்.

இந்த வழக்கை நான்தான் நடத்த வேண்டும் என்றதும் அவன்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கோர்ட்டில் நான் வாய் திறக்கப்போகும் முதல் வழக்கு. அவளிடம் பேச என்னை ஜீப்பில் கூட்டிப் போனான். லீலாவின் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. "ப்ளேன்டி குடிங்க சார்" என்று பாலில்லாத டீயைக் கொடுத்தாள். "நான் வெள்ளனே காப்பிக் காட்டுக்குப் போனா மத்தியானம்தான் வருவேன். அதுவரைக்கும் புள்ள கதவச் சாத்திக்கிட்டு இருக்கும்" என்றாள். நான் கேள்வி கேட்டேன். சண்முகசுந்தரி பதிலை ஒலியுல்லாவைப் பார்த்துச் சொன்னாள். அவன் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கதவைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் தொங்கியது. ஒலியுல்லா அதையெல்லாம் பார்க்க மாட்டான். அவன் மனிதர்களின் முகத்தையே பார்க்கிறவன்.

விசாரணை நாளன்று புவனா லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கோட்டு மேல் கவுனைப் போட்டு, கழுத்துப் பட்டையை அவள்தான் சரி செய்தாள். பேச வேண்டியதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

கோர்ட் வாசலில் ஒலியுல்லா, "இன்னைக்குப் பாணி சார் ஒனக்காகப் பேசுவாரும்மா" என்றான்.

சண்முகசுந்தரி அவன் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அய்யா, கோவிச்சுக்கிராதீங்க. இவுகளப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு. நீங்களே பேசுங்கய்யா."

புவனா பக்கத்தில்தான் நின்றாள். ஒலியுல்லா என் தோளைத் தட்டி, "தப்பா எடுத்துக்காதடா, அடுத்த கேஸ் ஒனக்கு" என்றான். நான் பின்வரிசையில் புவனாவோடு உட்கார்ந்தேன். அவன் பேசினான். நான் தயாரித்திருந்ததை விடச் சுருக்கமாக, தடுமாறித் தடுமாறித்தான் பேசினான். ஆனால் மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். உத்தரவு கிடைத்தது. வெளியே வந்து புவனா, "அண்ணன் என்னமா பேசுறாக" என்றாள். அப்போது எனக்கு வயிறு எரிந்தது. அன்று ஒரு நாள் எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைக்காரன் என்றால் அவன் வீட்டில் சாப்பிட்டிருப்பேனா?

புவனாவைப் பஸ் ஏற்றிவிட்டு டீக்கடைக்குப் போனேன். கந்தவேல் அங்கே நின்றான். என்னைப் பார்த்ததும் மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "வக்கீல் சார், ஒரு நிமிசம்" என்றான்.

இந்த மலையில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவன். உட்கார் என்று நான் சொல்லும்வரை உட்காரவில்லை. "சாருக்குக் கிளாஸ்ல குடுங்கண்ணே" என்று கடைக்காரரிடம் சொன்னான். "அவ நல்லாருக்காளான்னு மட்டும் சொல்லுங்க வக்கீல் சார். ஒங்களப் போலப் படிச்சவுக சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

இரண்டு தரப்பையும் கேட்பதுதானே சட்டம்? நல்லாயிருக்கிறாள் என்றேன். தாண்டிக்குடியில் என்றேன். எந்தத் தோட்டம், எந்த லயம் என்று கேட்டான், சொன்னேன். லீலா வெள்ளனே வேலைக்குப் போய்விடுவாள் என்பதையும் சொன்னேன். தாழ்ப்பாளைப் பற்றி நான் கவலையோடுதான் சொன்னேன். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டில் அதை அப்படி விட்டுவைக்கக் கூடாது.

"உள்தாழ்ப்பாளா சார்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ.

அவன் என்ன செய்வான் என்று தெரியுமா என்று கேட்பீர்கள். மனுவில் கழுத்தை நெரித்ததைச் சொல்லும் பத்தியை எழுதியவனே நான்தான் சார். மாஜிஸ்திரேட் அதைத்தான் இரண்டு தடவை படித்தார்.

அந்த வாரக் கடைசியில் அவன் அங்கே போனான். நடந்தது என்னை விட உங்களுக்குத்தான் தெரியும், அவள் உடலை இறக்கிக்கொண்டு வந்தது நீங்கள்தானே. செடிக்கு அடிக்கிற மருந்தை அங்கேயே குடித்து அவனும் போய்விட்டான். ஆக, இடத்தைச் சொன்னது யார் என்று சொல்ல ஆள் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் ஒலியுல்லாவும் ரபியாவும் அவளுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். கந்தவேல் தன் ஜீப்பைப் பின்தொடர்ந்திருக்கிறான் என்று ஒலியுல்லா முடிவு கட்டிக்கொண்டான். "நானே காட்டிக் குடுத்துட்டேனேடா பாணி" என்று என் தோளில் விழுந்து அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். கோட்டு நனைந்துவிட்டது.

மறுநாள் கவுனை ஆணியில் மாட்டிவிட்டு, ஆபீஸ் சாவியை என் கையில் கொடுத்தான். "இனிமே நான் கோர்ட் படி ஏற மாட்டேன். நீ பாத்துக்க" என்றான். கீழே அத்தாவின் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆட்கள் படியேறி வந்து, "ஒலியுல்லா வக்கீல் எப்ப வருவாக?" என்று கேட்டார்கள். வரமாட்டான் என்றேன். கீழே இறங்கி, கடை வாசலில் அவன் முன்னால் நின்று அழுதார்கள். அந்த மனுஷன் ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் இப்படி உருகிப் போனாரே என்று பஜார் முழுக்கப் பேச்சு. லீலாவே தாண்டிக்குடியிலிருந்து வந்து, "அய்யா, ஒங்க மேல ஒரு குத்தமுமில்ல" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். போன் செய்தால் புவனா முதலில் கேட்பது, "அண்ணன் சாப்புடுறாகளா?" என்பதுதான். இந்த ஸ்டேஷனுக்கும் வந்து, எல்லாம் தன்னால்தான் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தானாம். நீங்கள் எழுந்து நின்று, கையைப் பிடித்து அனுப்பி வைத்தீர்களாம்.

அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் செய்யாத காரியத்தில் அவன் பெயர் எதற்கு? ஒரு நண்பனாக அவனை இந்தப் பழியிலிருந்து விடுவிக்கத்தான் நான் வந்திருக்கிறேன். இடத்தைச் சொன்னது நான். தாழ்ப்பாளைச் சொன்னது நான். அவளைக் கொல்லத்தான் போகிறான் என்று தெரிந்தே சொன்னேன். இதில் ஒலியுல்லாவுக்குப் பங்கு எதுவும் கிடையாது.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சார். என் தொழில் என்ற இடத்தில் 'ஒலியுல்லா ஆபீஸ் உதவியாளர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு வழக்கறிஞர் என்று போடுங்கள். நான் காத்திருக்கிறேன்.