சிங்கராயர் எழுதிய கடைசிக் கரும்பலகை

மேடையில் இருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, சங்கத் தலைவர் வானமாமலை அவர்களே, தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் வந்து கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் என் மக்களே, சந்தியாகுவின் வணக்கம். தந்தி ஆபீசில் மேஜைக்கு மேஜை தந்தித் தாள் கொண்டுபோகும் பியூன் நான். எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. பார்த்ததை மறக்கவும் தெரியாது.

தந்தி மாஸ்டர் சிங்கராயர் போய்விட்டாரே! தினமும் காலையில் ஒவ்வோர் ஊராகக் கம்பியில் தட்டிக் கூப்பிட்டு, எங்கே தாள் குவிந்து கிடக்கிறது, எங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று விசாரித்துக் கரும்பலகையில் எழுதிவைப்பாரே, இனி யார் விசாரிப்பார்?

அறுபத்து மூன்றாம் வருடம், ஊரில் ஐப்பசி மழை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நம் சேசம்மாள் ஓடிவந்தாள். ஊருக்குப் போன புருஷன் அங்கே வேறொரு பெண்ணைக் கட்டப்போகிறான். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. மறுநாள் பூசையில் மூன்றாவது. அதற்குள் ஊர்ச் சாமியாருக்குத் தகவல் சேர வேண்டும். நான் தாளோடு மெட்ராஸ் மேஜைக்கு ஓடினேன். அங்கேதான் புது மெஷின், நிமிடத்துக்கு அறுபது வார்த்தை. மாஸ்டர் என் கையைப் பிடித்தார்.

"மெஷின் வேகமாத்தான் போவும்வே. மெட்ராஸுக்குத் தெக்க கம்பி அறுந்துல்லா கெடக்கு? அங்க போயி ஆயிரம் தாளுக்கு அடியில படுத்துக் கெடக்கவா?"

கொச்சி, திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று பழைய கம்பியில் தன் விரலாலேயே தட்டினார். நிமிடத்துக்கு இருபது வார்த்தைதான். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் கேட்டு எழுதி மறுபடி தட்ட வேண்டும். ஆனாலும் வழி நெடுகக் கம்பி காலியாக இருந்தது. விளக்கு வைப்பதற்குள் சாமியார் கைக்குப் போய்விட்டது. மூன்றாம் ஓலை நின்றது. சேசம்மாளுக்குப் புருஷன் திரும்பி வரவில்லை. இன்னொருத்தி ஏமாறாமல் தப்பினாள். இதோ முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கிறாள் சேசம்மாள்.

ஒன்றைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது. போன செவ்வாய் விடியும்போது மாஸ்டருக்கு மூச்சு நின்றது. ஊரிலிருக்கும் அவர் அக்கா லூசியம்மாளுக்குத் தந்தி எழுதினோம். தெற்கே போவதெல்லாம் கொச்சி வழி என்று பலகையில் இருப்பதாக வாசித்துச் சொன்னார்கள். அவர் எழுதினதாச்சே என்று நானே தாளைக் கொச்சி மேஜையில் வைத்தேன். அது திங்கட்கிழமை நிலவரம் ஐயா! செவ்வாய் அன்று விசாரிக்க அவர் இல்லை. கொச்சிக் கம்பி அறுந்திருந்தது, மெட்ராஸ் திறந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை. இங்கே சயான் கல்லறையில் அவரைக் குழியில் இறக்கிய நேரம், ஊர்க் கோயிலில் துக்க மணி அடிக்கவில்லை. அக்காவுக்கு மறுநாள்தான் தெரியும்.

அந்தப் பலகை இன்னும் அப்படியே தொங்குகிறது. அவர் கையெழுத்து, அழிக்க மனம் வரவில்லை என்கிறோம். மாஸ்டருக்கு இதுவா மரியாதை? போன வாரத்து நிலவரத்தைத் தொங்கவிட்டு, இன்னும் எத்தனை வீட்டுத் தந்தியைத் தப்பான வழியில் அனுப்பப்போகிறோம்?

எனக்கு இன்னும் ஒரு வருடம் வேலை இருக்கிறது. தட்டத் தெரிந்தவர்கள் தினமும் ஊர் ஊராக விசாரியுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாளைக் காலை ஈரத் துணியோடு நான் வருவேன். அழிப்பதற்குப் படிப்பு வேண்டாம். அதை நான் செய்கிறேன்.