பலகைத் தேவாலயம்

டிசம்பர் மாதம். மாலை நாலரை மணி. இங்கிலாந்தின் கிழக்கே, எங்கள் சஃபோக் கடற்கரையில் அந்த நேரத்துக்கே நல்ல இருட்டு. ஊரிலிருந்து கடலுக்குப் போகும் பாதை. இரண்டு பக்கமும் சதுப்பு, நாணல். அதில் ஒரே ஒரு ஆள் நடந்து போகிறார்...

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் கிளெமின் அக்கா புருஷனுக்கு நடந்தது. ஏமஸ் தர்க்கெட்டில் என்று பெயர். விலாங்கு பிடிப்பவர். அதிகம் பேசமாட்டார், கதை விடவே மாட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் லண்டனிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்திருந்தது. பேய்ப் படம்தான், வேறென்ன? கூழாங்கல் கரை மேல் ஒரு தேவாலயம் எழுப்பினார்கள். எல்லாம் ஒட்டுப்பலகை. கல் மாதிரியே வண்ணம். தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே நிஜ பெஞ்சுகள், எங்கேயோ இடித்த ஒரு கட்டடத்திலிருந்து வாங்கியவை. கடல் பக்கம் மட்டும் சுவர் இல்லை. கேமரா நிற்க இடம்.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் சரியில்லை. அதற்கு நேர் எதிரே, தண்ணீருக்கு அடியில், எங்கள் பழைய தேவாலயம் கிடக்கிறது. கரை சரிந்து, கல்லறைகளோடு சேர்ந்து போனது. ஊரில் எல்லாருக்கும் அங்கே முன்னோர் யாராவது உண்டு.

மதுக்கடையில் பெர்ஸ் ஆல்டஸ் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். பெர்ஸும் ஏமஸும் சின்ன வயதிலிருந்து ஒரே படகு.

"நம்ம ஊரைப் பத்தி எழுத வர்றவன் ஒருத்தன் கண்ணுலயாவது வெயில் பட்டிருக்கா? மூடுபனி, சேறு, பேய்... இதே பாட்டு. இப்ப மூழ்கிப்போன தேவாலயத்தையே திரும்பக் கட்டிட்டானுங்க. அதுக்கு நீ காவல் வேற."

ஆமாம், இரவுக் காவல் ஏமஸுக்குத்தான். கடல் பக்கம் பார்க்காத ஒரு சின்னக் கொட்டகை, ஒரு ஸ்டவ், ஒரு டார்ச்.

முதல் வாரமே தகராறு வந்தது. காலையில் பெஞ்சுகள் நனைந்து கிடந்தன. மழை இல்லை. அலையும் அதுவரை ஏறவில்லை. கம்பெனி மேலாளர் பிரெஸ்ட் என்ற இளைஞர் முதலில் சிரித்தார். அடுத்த நாளும் நனைந்திருந்தபோது சிரிக்கவில்லை.

"உங்க ஆளுங்க யாரோ வந்து விளையாடுறாங்க. நீங்க கண்ணை மூடிக்கிறீங்க. இன்னொரு தடவை நடந்தா போலீஸ்கிட்ட போவேன்."

ஏமஸுக்கு ஒரே ஒருவர் மேல்தான் சந்தேகம். பெர்ஸ். படப்பிடிப்பைக் கெடுக்க அவர்தான் வாளியோடு வருகிறார் என்று நினைத்தார். ஆனால் கேட்கவில்லை. மதுக்கடையில் பக்கத்து நாற்காலியில் உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டார். பெர்ஸும் அதைக் கவனித்தார். அவரும் கேட்கவில்லை.

நான் முதலில் சொன்னேனே, நாலரை மணி, தனி ஆள்... அது ஆளைப் பிடித்துவிடுவது என்று ஏமஸ் கிளம்பிய அன்றைக்குத்தான். வழக்கத்தைவிட முன்னதாகவே போய், ஸ்டவ் பற்றவைக்காமல், பலகைத் தேவாலயத்தின் ஓரத்தில் தொங்கிய தார்ப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வெகுநேரம் அலைச் சத்தம் மட்டும்.

அப்புறம் கூழாங்கல் நறநறத்தது. கிர்ர்ச்... கிர்ர்ச். பல கால்கள். அவசரமில்லாத நடை. ஆனால் ஊர்ப்பக்கமிருந்து அல்ல. கடல் பக்கமிருந்து. பெர்ஸ் படகில் வந்திருக்கிறான் என்று நினைத்தார். ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறான். பிறகு வாடை வந்தது. நனைந்த கம்பளி. அதோடு அந்தக் காலத்துக் கொழுப்பு மெழுகுவர்த்தி அணைத்த புகை.

பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முனகின. ஆட்கள் உட்காரும் முனகல்.

ஏமஸுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்தார். அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. திரும்பினார். பெர்ஸ். கையில் வாளி இல்லை. ஏமஸே இந்தக் கூத்தை நடத்துகிறார் என்று சந்தேகப்பட்டுக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தார், பாவம்.

பெர்ஸ் காதோடு கேட்டார்: "நீ இங்க நிக்கிற... அப்ப உள்ள யாரு?"

ஏமஸ் டார்ச்சை அடித்தார். பெஞ்சுகள் காலி. எல்லா விளிம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. டொப்... டொப்.

நடுவில் எங்கோ ஒருவர் இருமினார். பிரசங்கத்தின்போது அடக்க முடியாமல் இருமுவோமே, அப்படி. உடனே எல்லாப் பெஞ்சுகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஏமஸ் ஓடவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாதாம். தொப்பியைக் கழற்றினார். பெர்ஸ்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு சதுப்புப் பாதை முழுக்க ஓடினார்.

மறுநாளே ஏமஸ் வேலையை விட்டார். பிரெஸ்ட் காரணம் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் படப்பிடிப்பு முடிந்து, பலகைகளைப் பிரித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கரை பழையபடி வெறுங்கரை. பெர்ஸும் ஏமஸும் மறுபடி பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

அடுத்த ஞாயிறு. விடிந்தும் விடியாமல் பெர்ஸ் தூண்டிலோடு கரைக்குப் போனார். இறங்கிய அலை விட்டுப்போன மணலில் காலடிகள், கடலிலிருந்து மேலே ஏறியிருந்தன. பலகைக் கட்டடம் இருந்த இடத்தில் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். கூழாங்கற்கள் கலைந்து கிடந்தன. திரும்பிக் கடலுக்குப் போன தடம் ஒன்றுகூட இல்லை. பாதை நெடுகிலும் ஈரம். ஊரை நோக்கி.

அவர் மூச்சிரைக்க ஊருக்குள் இருக்கும் இப்போதைய தேவாலயத்துக்கு வந்தபோது, பெருக்கித் துடைக்கும் வின்னி கிரிஸ்ப் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கூரை ஒழுகியிருக்கும் என்றாள். கூரை ஒழுகவில்லை. எல்லாப் பெஞ்சும் நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

ஏமஸின் குடும்பம் தலைமுறையாக உட்காரும் பெஞ்சும் அப்படித்தான். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஈரம்.

நடுவில் மட்டும், ஏமஸ் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு ஆள் அகலத்துக்கு, காய்ந்திருந்தது.